ஆர்தர் கதைக்கு ‘மூலநூல்’ தேடி மாட்டிக்கொள்ளாதீர்கள்

கல்லூரி மாணவி ஒருவர், பிரிட்டனின் பழங்கதை மன்னர் ஆர்தரைப் பற்றித் தாமஸ் மலோரி ஆங்கிலத்தில் எழுதிய ‘லெ மோர்ட் தார்த்தர்’ நூலின் முதல் தொகுதியைத் திருப்பிக் கொடுத்தார். பக்கம் குறிக்கும் அட்டை தொடக்க அத்தியாயங்களிலேயே நின்றிருந்தது. “ஆர்தர் கதை எனக்கு ஒத்துவராது போலிருக்கிறது” என்றார். நூலகத்தின் இரவல் மேசையில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கதையில் குறையில்லை, படிப்பவரிடமும் குறையில்லை. “படித்தால் மூலத்தைப் படி” என்று யாரோ சொல்லியனுப்பியதுதான் வினை.

எது மூலம்? ஒன்பதாம் நூற்றாண்டு லத்தீன் நூலான ‘ஹிஸ்டோரியா பிரிட்டோனம்’ காட்டும் ஆர்தர் பன்னிரண்டு போர்களில் வென்ற படைத்தலைவர், அவ்வளவுதான். 1130களில் ஜெஃப்ரி ஆஃப் மன்மத் அவரைப் பெருமன்னராக்கினார். மந்திரவாதி மெர்லினையும் கதைக்குள் கொண்டுவந்தார். ஆர்தரின் வீரர்கள் கூடி அமரும் வட்ட மேசை 1155இல் வேஸ் எழுதிய பிரெஞ்சுச் செய்யுளில்தான் முதலில் வருகிறது. ஆர்தரின் வீரர் லான்சலாட்டுக்கும் அரசி குவினிவியருக்கும் இடையிலான காதலும், கிரெயில் என்னும் புனிதக் கலமும் அதன் பிறகு பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் த த்ருவா தந்தவை. ஆர்தர் உருவியெடுத்து அரசராகும், கல்லில் செருகிய வாள் அவருக்கும் பிந்தியது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கிடைத்தவற்றை மலோரி திரட்டி, 1469–70 வாக்கில் சிறையிலிருந்தபடி தன் போக்கில் எழுதி முடித்தார். வில்லியம் காக்ஸ்டன் 1485இல் அதை அச்சிட்டார். 1934இல் வின்செஸ்டரில் ஒரு கைப்பிரதி கிடைத்த பிறகுதான், காக்ஸ்டன் எந்த அளவுக்குக் கைவைத்திருந்தார் என்பதே தெரிந்தது. ஆக, மலோரியும் மறுகூறல்தான். மறுகூறலைப் படிப்பது மட்டம் என்பவர் முதலில் மலோரியை அல்லவா ஒதுக்க வேண்டும்?

ரோஜர் லான்சலின் கிரீன் 1953இல் எழுதிய ‘கிங் ஆர்தர் அண்ட் ஹிஸ் நைட்ஸ் ஆஃப் த ரவுண்ட் டேபிள்’ நூலில் தொடங்குங்கள். ஆர்தரின் பிறப்பு முதல் இறுதிப் போர் வரை ஒரே நூலில், தெளிந்த நடையில் இருக்கிறது. சிறுவர் பிரிவில் வைத்திருப்போம்; அங்கே போய் எடுக்கக் கூச்சப்படும் பெரியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து எடுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பது மனத்தில் படிந்துவிட்டால் மற்ற நூல்கள் தாமாகவே வழிவிடும்.

அடுத்தது டி. எச். ஒயிட்டின் ‘த ஒன்ஸ் அண்ட் ஃப்யூச்சர் கிங்’. இதை முதலில் தருவதற்கு நான் தயங்குவேன். சிறுவன் ஆர்தரை மெர்லின் மீனாகவும் பறவையாகவும் மாற்றிப் பாடம் சொல்லும் முதல் பகுதி குதூகலமானது. ஆனால் பிற்பகுதிகளில் கதை இருண்டுகொண்டே போகிறது. விவரங்களுக்கு மலோரியைப் பாருங்கள் என்று ஒயிட்டே அவ்வப்போது நகர்ந்துவிடுவார்.

இல்லை, இடைக்கால நூல்தான் வேண்டும் என்கிறீர்களா? ‘சர் கவைன் அண்ட் த கிரீன் நைட்’ இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, மலோரிக்கும் மூத்தது. சுமார் 2,530 வரிகளில் ஒரே கதை: ஒரு புத்தாண்டு நாளில் தலைவெட்டும் பந்தயம், அடுத்த புத்தாண்டில் அதற்கான பதில். சைமன் ஆர்மிட்டேஜின் 2007ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை எடுங்கள். வாய்விட்டுப் படியுங்கள், ஓசைக்காகவே எழுதப்பட்ட பாட்டு அது.

மலோரியிடம் போகும்போது பழைய எழுத்துக்கூட்டல் கொண்ட முழுப் பதிப்பை வாங்காதீர்கள். வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படியுங்கள். மூன்று வரிக்குள் தடுக்கினால் திருப்பி வையுங்கள். வின்செஸ்டர் கைப்பிரதியை ஒட்டி ஹெலன் கூப்பர் சுருக்கி, எழுத்துக்கூட்டலைத் தற்காலப்படுத்திய பதிப்பு போதும். அதிலும் வரிசைப்படிதான் போக வேண்டும் என்பதில்லை. நடுவிலுள்ள, டிரிஸ்ட்ரம் என்னும் வீரரைப் பற்றிய பகுதியில்தான் பலரும் மூழ்கிப்போகிறார்கள். அதைத் தாண்டி, லான்சலாட்டின் காதல் அம்பலமாகி அரசு உடையும் கடைசிப் பகுதிகளுக்குப் போங்கள். அவரது உரைநடையின் வலு முழுவதும் அங்கே இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பரிசு வாங்குகிறவர்களே, எழுத்தாளரின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ரோஸ்மேரி சட்க்ளிஃப் சிறுவர் நூல்களுக்குப் புகழ்பெற்றவர்தான். ஆனால் அவருடைய ‘சோர்ட் அட் சன்செட்’ பெரியவர்களுக்கான நாவல், தகாத உறவும் கொடும் போரும் நிறைந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அவரே எழுதிய ‘த சோர்ட் அண்ட் த சர்க்கிள்’ நூலை வாங்கிக் கொடுங்கள்.