க-வையும் ச-வையும் இடம் மாத்தினா என்ன மிஞ்சும்?

ஸ்கூல்ல படிச்ச இருபடிச் சமன்பாட்டு ஆல்ஃபா, பீட்டா கணக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரூட் ரெண்டும் (அதான் ஆல்ஃபா, பீட்டா) என்னன்னு தெரியாமலே கூட்டுத்தொகையையும் பெருக்குத்தொகையையும் மட்டும் வச்சுக்கிட்டு ஆல்ஃபா ஸ்கொயர் பிளஸ் பீட்டா ஸ்கொயர் எவ்வளவுன்னு சொல்லிடுவோம். மும்பை சயான்ல நான் ட்யூஷன் எடுக்கிற பசங்களும் இதை மனப்பாடமா வச்சிருக்காங்க, ஆனா ஏன் அந்த ரெண்டே போதும்னு கேட்டா முழிக்கிறாங்க, அந்தக் கேள்விலதான் விஷயமே இருக்கு.

க, ச-ன்னு ரெண்டு எழுத்து எடுத்துக்கோங்க. இடம் மாத்தினாலும் அப்படியே இருக்கிற எக்ஸ்பிரஷனுக்குப் பேரு இன்வேரியண்ட். க + ச மாறாது, க ச மாறாது, க² + ச² மாறாது. இப்படி எவ்வளவு பெருசா எழுதினாலும் அதை முதல் ரெண்டை வச்சே கட்டிடலாம். இடம் மாத்துறது, சும்மா விடுறதுன்னு இங்க ரெண்டு செயல்தான். இந்தச் செயல்களோட தொகுப்புக்குப் பேரு குரூப், அதனால குரூப்போட சைஸ் 2. 1916ல ஜெர்மன் கணித அறிஞர் எம்மி நோதர் ஒரு அழகான விஷயத்தை நிரூபிச்சாங்க: குரூப்போட சைஸ் எவ்வளவோ, அந்த டிகிரி (ஒரு உறுப்புல பெருகி நிக்கிற எழுத்துகளோட எண்ணிக்கை) வரைக்கும் இருக்கிற இன்வேரியண்ட்டைத் தேடினாலே போதும், மீதி எல்லாம் அதுலேர்ந்து வந்துடும். இங்க சைஸ் 2, டிகிரி 2-லயே வேலை முடிஞ்சுது பாருங்க.

ஆனா இதெல்லாம் க ச-வும் ச க-வும் ஒண்ணுங்கிற உலகத்துல. வரிசை மாறினா பலன் மாறுற விஷயம் நம்மளைச் சுத்தி நிறைய இருக்கு. டிக்கெட் எடுத்துட்டு லோக்கல் ஏறுறதும் ஏறிட்டு டிக்கெட் எடுக்கப் போறதும் ஒண்ணா, தாதர்ல டிக்கெட் செக்கர் நிக்கும்போது தெரியும். மேட்ரிக்ஸ் (கட்டம் கட்டமா அடுக்கின எண்கள்) பெருக்கல் அப்படித்தான், அணு அளவு உலகத்தைப் பத்தின குவாண்டம் மெக்கானிக்ஸ் முழுக்க அப்படித்தான். எலக்ட்ரான் ஸ்பின்னுக்காக 1927ல இயற்பியலாளர் பவுலி எழுதின மேட்ரிக்ஸ்ல வேறவேற ரெண்டை எடுத்து வரிசை மாத்திப் பெருக்கினா மைனஸ் வந்துடும்.

அந்த மைனஸ் ரூலையே நம்ம எழுத்துக்கும் போடுவோம்: ச க = − க ச. இப்ப இடம் மாத்தினா க ச போய் ச க ஆகுது, அதாவது − க ச. பெருக்குத்தொகை இனிமே இன்வேரியண்ட்டே இல்லை! சரி, க² + ச² இருக்கேன்னா, (க + ச)²-ஐ விரிச்சுப் பாருங்க, நடுவுல வர்ற க ச-வும் ச க-வும் அடிபட்டுப் போயி க² + ச² மட்டும் நிக்கும், அதாவது புதுசா ஒண்ணும் கிடைக்கலை. டிகிரி 2 வரைக்கும் கையில இருக்கிறது க + ச ஒண்ணுதான். டிகிரி 3-க்குப் போனா க³ + ச³ மாறாம நிக்குது, அதை க + ச-லேர்ந்து கொண்டுவரவே முடியாது, ஏன்னா (க + ச)³-ல க² ச + க ச²-வும் ஒட்டிக்கிட்டே வரும். க + ச, க³ + ச³ இந்த ரெண்டும் சேர்ந்தா எல்லா இன்வேரியண்ட்டும் வந்துடும், ஆனா குரூப் சைஸ் 2, தேவைப்பட்டது டிகிரி 3. நோதர் போட்ட எல்லை இங்க செல்லாது. எலன் கர்க்மன், ஜேம்ஸ் குஸ்மனோவிச், ஜேம்ஸ் ஜாங்னு மூணு கணித ஆய்வாளர்களும் இந்த மைனஸ் உலகத்தை விலாவாரியா ஆராய்ஞ்சிருக்காங்க.

சரி, ரூலே இல்லைன்னா? க ச-வுக்கும் ச க-வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எழுத்தை எந்த வரிசையில எழுதினாலும் அது தனி. க + ச-வை ப-ன்னும் க − ச-வை ம-ன்னும் வச்சுக்குவோம். இடம் மாத்தினா ப அப்படியே இருக்கும், ம மைனஸ் ஆகும். அப்ப ம இரட்டைப்படையில வர்ற எழுத்து வரிசை எல்லாம் இன்வேரியண்ட்: ப, ம ம, ம ப ம, ம ப ப ம, ம ப ப ப ம... இதுல ம ப ப ம-வை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க, எங்க வெட்டினாலும் ஒரு பக்கம் ஒத்தை ம நிக்கும், அது இன்வேரியண்ட் இல்லை. அதனால ஒவ்வொண்ணும் புதுசு, லிஸ்ட் முடியவே முடியாது. வெறும் ரெண்டு எழுத்து, ஒரே ஒரு இடமாத்தம், அதுக்கு முடிவில்லாத லிஸ்ட்! இது இந்த ஒரு உதாரணத்தோட நிக்கலை. எல்லா எழுத்தையும் ஒரே எண்ணால பெருக்குற குரூப்பைத் தவிர வேற எந்த ஃபைனைட் (சைஸுக்கு முடிவு உள்ள) குரூப்புக்கும் இங்க லிஸ்ட் முடியாதுன்னு 1982ல டிக்ஸ், ஃபார்மனெக்னு ரெண்டு கணித ஆய்வாளர்கள் காட்டினாங்க.

மும்பைல இருந்துக்கிட்டு இன்வேரியண்ட் பத்தி எழுதும்போது கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரியைச் சொல்லாம இருக்க முடியலை. காஞ்சிபுரத்துக்காரர், 1953ல இங்க டாடா இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்து 30 வருஷத்துக்கு மேல இருந்தவர். அவர் வேலை பார்த்தது வரிசை பிரச்சினை இல்லாத உலகத்துல, ஆனா முடிவில்லாத பெரிய குரூப்களோட.

கடைசியா, குவாண்டம் மெக்கானிக்ஸ் பிறந்த ஹைசன்பெர்க் காலத்து ரூல்: க ச − ச க = 1. இதுல இடம் மாத்தவே கூடாது, மாத்தினா 1 இருந்த இடத்துல −1 வந்து ரூலே உடையும். ரெண்டு எழுத்துக்கும் மைனஸ் போடலாம், அதுக்கு ரூல் தாங்கும். அப்ப மிஞ்சுறது க², க ச, ச². சாதாரண உலகத்துல க² ச² = (க ச)², இங்க விரிச்சுப் பார்த்தா க² ச² = (க ச)² + க ச-ன்னு ஒரு வால் முளைக்குது. ஆல்ஃபா பீட்டா கணக்குல இன்வேரியண்ட் எல்லாம் சேர்ந்து மறுபடியும் ரெண்டு எழுத்து பாலினாமியல் (எழுத்துகளைக் கூட்டிப் பெருக்கி எழுதுற கோவைகள்) உலகமாவே ஆகுது இல்லையா, இங்க அது நடக்கவே நடக்காது, எந்த ஃபைனைட் குரூப்பை எடுத்தாலும் மிஞ்சுறது பழைய அல்ஜீப்ரா மாதிரி இருக்காதுன்னு கணித ஆய்வாளர்கள் அலேவும் போலோவும் 1995ல நிரூபிச்சுட்டாங்க, ஒண்ணுமே செய்யாத குரூப்பைத் தவிர.