"ஆள் நல்லாத்தானே இருக்கான்?"

தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தவரின் வீட்டில் இந்தக் கேள்வி கேட்காத நாளில்லை. விசாரிக்க வருகிறவர்கள் கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் மருத்துவ உளவியலாளர். என்னிடம் வந்த ஓர் எலெக்ட்ரீஷியனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பைக்கிலிருந்து விழுந்தபோது ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்திருக்கிறது. 11 நாள் நினைவில்லை. நான்காம் மாதம் யார் துணையும் இல்லாமல் நடந்து என் அறைக்குள் வந்தார். "நல்லா இருக்கேன்" என்றார். அவர் வெளியே போன பிறகுதான் மனைவி வாயைத் திறந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறாராம். பையன் பென்சில் பாக்ஸைக் கீழே போட்டால் அடிக்கப் பாய்கிறாராம். குளிக்கச் சொன்னால் குளிக்கிறார். சொல்லாவிட்டால் மதியம் வரை பாயிலேயே உட்கார்ந்திருக்கிறார். "வேலைக்குப் போகச் சோம்பல்" என்கிறார் மாமியார்.

மாமியாரைக் குறை சொல்ல முடியாது, பார்த்தால் அப்படித்தான் தெரியும். விழுந்த வேகத்தில் மூளை மண்டையோட்டுக்குள் மோதுகிறது. நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே, எலும்பின் உட்புறம் கரடுமுரடாக இருக்கும். அங்கே நசுங்குகிற பகுதிதான் கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தொடங்கி வைப்பது எல்லாம். பாயை விட்டு எழுவதற்கும் அது வேண்டும். நுண்ணிய நரம்பிழைகள் அறுந்திருந்தால் சி.டி. ஸ்கேனில் பல நேரம் ஒன்றும் தெரியாது.

2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். அதற்குப் பிறகு வருகிற வருடங்கள் வீட்டாரின் தலையில்தான். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார்; மறதிக்கும் கோபத்துக்கும் யார் வருவார்? மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் 21 வகைகள் உண்டு, தலைக்காயத்துக்கென்று தனி வகை கிடையாது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான ஒரு முகாமில் இவரிடம், "நீங்களே கையெழுத்துப் போடுறீங்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆக, தெருதான் கைகொடுத்தது. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் தினமும் 9 மணிக்கு வாசலில் வந்து, "வாடா, சாமான் லிஸ்ட் எடுக்கணும்" என்று கூட்டிப்போகிறார். கரண்ட் பக்கம் விடுவதில்லை. இரண்டு மணி நேரம்தான், அதற்கு மேல் மூளை களைத்துவிடும். எதைச் சொன்னாலும் சட்டைப்பையில் இருக்கும் குட்டி நோட்டில் எழுத வைக்கிறார். டீக்கடைக்காரர் கணக்கை மனைவியிடம் காட்டிவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா வாரம் ஒருநாள் வந்து உட்கார்ந்துகொள்வதால், மனைவி ரேஷன் கடைக்கோ கோயிலுக்கோ போய்வர முடிகிறது. இதற்கெல்லாம் பட்டம் தேவையில்லை. "ஒரு கட்டிங்தானே" என்று கூப்பிடும் நண்பர்களை மட்டும் தள்ளி வையுங்கள். தலையில் அடிபட்டவருக்கு வலிப்பு வரும் அபாயத்தைக் குடி கூட்டும்.

மாதம் ஒரு ஞாயிறு இப்படிப்பட்ட குடும்பங்களை உட்கார வைத்துப் பேசுகிறோம். நான் அதிகம் பேசுவதில்லை. முதல் தடவை வந்தபோது இந்த மனைவி ஓரமாக இருந்தார். வேறொரு பெண், "எங்க வீட்டுக்காரர் பல் தேய்க்கக்கூட நான் சொல்லணும்" என்றதும் இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அழுகை.

அடுத்த மாதம் மாமியாரையும் கூட்டி வந்தார்.