உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள்

சென்ற வாரம் ஒரு பெரியவர் தன் மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். "தம்பி, மூடி சரியாக மூடமாட்டேன் என்கிறது. இரண்டு நாளாகக் கனமான அகராதிகளை மேலே அடுக்கிவைத்துப் பார்த்துவிட்டேன், அமுங்கவில்லை" என்றார். வாங்கி மேசைமேல் வைத்தேன். அடியில் உள்ள நான்கு கால்களும் மேசையில் பதியவில்லை. நடுவயிறு மட்டும் மேசையைத் தொட்டது. ஒரு மூலையைத் தொட்டால் மறுமூலை எழும்பியது. டச்பேடின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. திறந்து பார்ப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. அவரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் திருகுகளைக் கழற்றத் தொடங்கினேன். கடைசித் திருகு கழன்றதும் அடிமூடி தானாகவே எழும்பிவிட்டது. உள்ளே பேட்டரியின் மூன்று செல்களில் (மின்சாரத்தைச் சேமிக்கும் தனித்தனி அறைகளில்) இரண்டு தலையணைபோல உப்பியிருந்தன. அந்த இரண்டின் மேல்தான் அகராதிகள் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கின்றன.

இந்த மாதத்தில் இது நான்காவது. இதற்கு முன் வந்த ஒருவர், உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக் குண்டூசியைக் கையில் எடுத்திருக்கிறார். வீட்டில் யாரோ தடுத்ததால் தப்பினார். நேரில் வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அடையாளம். "டச்பேட் அழுந்தமாட்டேன் என்கிறது" என்று வருகிறவர்களில் பலருக்கு டச்பேடில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. பெரும்பாலான மெல்லிய மடிக்கணினிகளில் பேட்டரி, கையை ஊன்றும் பகுதிக்கும் டச்பேடுக்கும் நேர் கீழே இருக்கிறது. அது உப்பத் தொடங்கினால் முதலில் இறுகுவது டச்பேடின் அழுத்தம்தான். பிறகு கீபோர்டின் நடுப்பகுதி லேசாக மேடாகும். ஓரங்களில் மூடிக்கும் உடலுக்கும் இடையே கோடு போல இடைவெளி தெரியும். ஆனால் இயந்திரம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், சார்ஜும் தாங்கும். "நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதற்குக் காரணம் அதுதான்.

பழைய தடித்த மடிக்கணினிகளில் இதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவற்றில் இருந்தவை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல்கள், எஃகு உறைக்குள் அடைக்கப்பட்டவை. உள்ளே வாயு உண்டானாலும் வெளியே உருவம் மாறாது. இன்றைய மெல்லிய இயந்திரங்களில் தட்டையான பைபோன்ற செல்கள் இருக்கின்றன. உறை என்பது அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்த்து ஒட்டிய மெல்லிய தாள், அவ்வளவுதான். உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும்போது பை ஊதிக்கொள்கிறது. அந்த வாயு தீப்பற்றக்கூடியது.

அமுக்கினால் என்ன ஆகும்? செல்லுக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவைப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம். அமுக்குவதும் குத்துவதும் வளைப்பதும் அந்தப் படலத்தைக் கிழிக்கும் வேலைகள். கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் குறுக்கே பாய்ந்து சூடேறும். அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் செல்லையும் பற்றவைக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் வடிந்துவிடும் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. வடியாது. உப்பிய செல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே சந்தேகம் வந்த அந்த நிமிடமே சார்ஜரைப் பிடுங்குங்கள். கோப்புகளின் பிரதி வேறெங்கும் இல்லையே என்ற பதற்றத்தில் மறுபடி சார்ஜில் போட்டு ஓட்டாதீர்கள். இயந்திரத்தை முழுமையாக அணையுங்கள். துணி, காகிதம், மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாத கடினமான தரையில் வையுங்கள். நீங்களே பெயர்த்தெடுக்க முயலாதீர்கள். பல மாடல்களில் செல்கள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும்; இரும்புக் கருவியை நுழைத்து நெம்பினால் ஓட்டை விழும். நாங்கள் பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கிறோம். சீறும் சத்தமோ, இனிப்பு கலந்த நெடியோ, புகையோ வந்தால் இயந்திரத்தைக் காப்பாற்ற நினைக்காமல் அறையைவிட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அந்தப் புகையை நுகரக்கூடாது.

சரி, ஏன் உப்புகிறது? வயதும் ஒரு காரணம், அரிதாகத் தயாரிப்புக் குறையும் இருக்கலாம். ஆனால் என்னிடம் வருகிறவற்றில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு: சூடு, எந்நேரமும் 100 சதவீதத்திலேயே நிற்கும் சார்ஜ். இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "நான் எப்போதும் பூஜ்யம் வரை இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போடுகிறேனே!"

இந்த அறிவுரையை எவ்வளவு வேரோடு பிடுங்கினாலும் மறுபடி முளைக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களே சிலர் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். இது நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்து அறிவுரை. அந்தப் பேட்டரிகளைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி சார்ஜ் செய்தால், அந்தப் பாதி அளவையே பழகிக்கொண்டதுபோல மீதித் திறனைத் தர மறுக்கும் குணம் அவற்றுக்கு இருந்தது. அதனால் அவ்வப்போது முழுதாக இறக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அது சரி. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை வணிகமாக்கியது. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம் அயனி குடும்பம்தான். அதை உருவாக்கியதற்காக 2019இல் ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்கம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கு வேதியியல் நோபல் பரிசும் கொடுத்தாகிவிட்டது. அறிவுரை மட்டும் நிக்கல் காட்மியத்தோடு நின்றுவிட்டது.

லித்தியம் அயனிக்கு அந்த நினைவுக் குணம் பொருட்படுத்தும் அளவுக்குக் கிடையாது. அதற்குப் பிடிக்காதவை இரு ஓரங்கள். முழுச் சார்ஜில் ஒரு செல்லின் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட், அந்த உச்சத்தில் நீண்ட நேரம் வைத்திருந்தால், அதுவும் சூட்டோடு வைத்திருந்தால், உள்ளிருக்கும் திரவம் வேகமாகச் சிதைகிறது. முற்றிலும் வடியவிட்டால் எதிர்முனையில் உள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றுவதே ஆபத்து. அதனால்தான் திரையில் பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் மிச்சம் வைத்து, பேட்டரியில் உள்ள பாதுகாப்பு மின்சுற்று இணைப்பைத் துண்டிக்கிறது. தினமும் அந்த ஓரம்வரை தள்ளுவதால் பேட்டரிக்கு ஒரு நன்மையும் இல்லை. நடுவில் வைத்துப் பயன்படுத்துங்கள். 40இல் சார்ஜ் போடலாம், 70இல் எடுக்கலாம், ஒரே நாளில் நான்கு முறை போடலாம். "அடிக்கடி போட்டால் ஆயுள் குறையுமே" என்று கேட்பவர்களுக்கு: 100இலிருந்து 50 வரை இரண்டு முறை இறங்கினால்தான் ஒரு முழுச் சுழற்சி என்று கணக்கு. எத்தனை முறை சொருகினீர்கள் என்பதைப் பேட்டரி எண்ணுவதில்லை.

முழுதாக இறக்கி ஏற்றுவதற்கு ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு. 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென்று அணைந்தால், சதவீதம் கணக்கிடும் பகுதி தடுமாறியிருக்கலாம். ஒருமுறை முழுதாக ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினால் அந்த எண் திருந்தும். திருந்துவது எண்தான். தேய்ந்த பேட்டரி தேய்ந்ததுதான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று: புதிதாக வாங்கிய இயந்திரத்தை முதல் நாள் 8 மணி நேரம் சார்ஜ் போடவேண்டும் என்பது. தேவையில்லை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அரைகுறைச் சார்ஜோடு இருப்பது குறைபாடு அல்ல, வேண்டுமென்றே அப்படி வைப்பது. தனியாக விமானச் சரக்கில் அனுப்பும் லித்தியம் அயனி பேட்டரிகளில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்று 2016 முதல் சர்வதேச விதியே இருக்கிறது. தாராளமாக உடனே பயன்படுத்தத் தொடங்கலாம்.

முதல் நாளில் செய்யவேண்டியது வேறொன்று. பெரும்பாலும் மேசையில் சார்ஜரோடு இணைத்தே வேலை செய்பவராக இருந்தால், சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்துவிடுங்கள். லெனோவோவில் வேன்டேஜ் செயலியிலும், ஆசுஸில் மைஆசுஸ் செயலியிலும் இதற்கான அமைப்பு இருக்கிறது. டெல், எச்பி ஆகியவற்றின் பல மாடல்களில் பயாஸ் அமைப்பிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) இருக்கிறது. ஆப்பிள் மடிக்கணினிகளில் உங்கள் அன்றாடப் பழக்கத்தைக் கவனித்து 80இல் நிறுத்திவைத்து, தேவைப்படும் நேரத்துக்குச் சற்று முன் மீதியை ஏற்றும் வசதி 2020இலிருந்து இருக்கிறது. அதை யாரோ எப்போதோ அணைத்துவைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பயணத்துக்கு முதல் நாள் 100 வரை ஏற்றுவதில் தவறில்லை. ஆண்டு முழுவதும் 100இலேயே வைத்திருப்பதுதான் தவறு.

சூட்டைப் பற்றி எத்தனை முறைதான் சொல்வது! மெத்தைமேலும் போர்வைமேலும் வைத்து வேலை செய்யாதீர்கள். காற்று உள்ளே போகும் வழி அடியில் இருக்கிறது, மெத்தை அதை அடைத்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். விசிறி வழக்கத்தைவிட அதிகமாக இரைந்தால் தூசு அடைத்திருக்கும், ஒருமுறை திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். மூடியை மூடியதும் தூங்கிவிட்டது என்று நம்பிப் பையில் திணிப்பதும் எனக்கு வேலை கொடுக்கும் பழக்கம். இப்போதைய பல விண்டோஸ் இயந்திரங்கள் தூக்க நிலையிலும் இணையத்தைத் தொட்டுப் பார்க்கவும் புதுப்பிப்புகளை இறக்கவும் விழித்துக்கொள்ளும். மூடிய பைக்குள் அந்தச் சூடு போவதற்கு இடமில்லை. பையில் வைக்கும் முன் அணைத்துவிடுங்கள். திறந்த கோப்புகள் அப்படியே இருக்கவேண்டும் என்றால் ஹைபர்னேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு இயந்திரம் அணையும் நிலை) செய்யுங்கள்.

சில மாதங்கள் பயன்படுத்தப்போவதில்லை என்றால் 50 சதவீத அளவில் வைத்து அணைத்து, குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பூஜ்யத்தில் அலமாரிக்குள் வைத்துவிட்டு அரை ஆண்டு கழித்து "சார்ஜ் ஏறவே இல்லை" என்று கொண்டுவந்தால், பெரும்பாலும் புதுப் பேட்டரி போடுவதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.

மாற்றும்போதும் கவனம் வேண்டும். பழைய பேட்டரியின்மேல் வோல்ட், வாட்மணி (Wh என்று போட்டிருக்கும் கொள்ளளவு) இரண்டும் அச்சிட்டிருக்கும். புதியதில் வோல்ட் பொருந்தவேண்டும். வாட்மணியும் ஏறத்தாழ அதே அளவில் இருக்கவேண்டும். அதே அளவு பெட்டியில் ஒன்றரை மடங்குத் திறன் என்று போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். விலை மலிவான போலிகளில் முதலில் குறைவது பாதுகாப்புச் சுற்றின் தரம்தான். கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். குப்பை வண்டியில் அது நசுங்கும். அதன் பக்கத்தில் ஒரு மனிதர் நின்று வேலை செய்துகொண்டிருப்பார். மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள், அல்லது மாற்றிக் கொடுத்தவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

அகராதி கொண்டுவந்த பெரியவருக்குப் புதுப் பேட்டரி பொருத்தி, 80இல் நிற்கும்படி அமைத்துக் கொடுத்தேன். டச்பேடுக்குக் கீழே இருந்த தகடு வளைந்துவிட்டதால் அதையும் மாற்றவேண்டி வந்தது. முதல் முறை அழுத்தம் இறுகியபோதே வந்திருந்தால் பேட்டரியோடு முடிந்திருக்கும்.

உங்கள் மடிக்கணினியை இப்போதே மூடி, சமமான மேசையில் வையுங்கள். நான்கு மூலைகளையும் விரல்நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஆடுகிறதா? முன்பு ஆடவில்லையா? அடியில் உள்ள ரப்பர் கால்களில் ஒன்று உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கும் இருந்து, அப்படியும் ஆடினால், சார்ஜரைக் கழற்றிவிட்டு அணையுங்கள். பேட்டரியைப் பார்க்கும்வரை மறுபடி இயக்கவேண்டாம்.