உறைமண் உருகுவதை எப்படி அளக்கிறார்கள்?

சைபீரியா, அலாஸ்கா, கனடாவின் வடபகுதி போன்ற இடங்களில் தரைக்கு அடியில் மண் வருடக்கணக்காக உறைந்தே கிடக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியசுக்கு மேலே போகாத நிலத்தைத்தான் பெர்மாஃப்ராஸ்ட், அதாவது உறைமண் என்கிறார்கள். இன்று காற்றில் இருக்கும் கார்பனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இந்த வட பகுதி உறைமண்ணுக்குள் இருக்கிறது. மண் உருகினால் நுண்ணுயிர்கள் அந்தக் கார்பனைச் சிதைத்து கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளியே விடும். அதனால் எங்கே, எவ்வளவு வேகமாக உருகுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும்.

அளக்கும் கருவி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது: சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு எஃகுக் கம்பி. உறைமண்ணின் மேலடுக்கு ஒவ்வொரு கோடையிலும் உருகி, குளிர் வந்ததும் மறுபடி உறையும். கோடை முடியும் நேரத்தில் கம்பியைக் குத்தினால் இளகிய மண்ணில் இறங்கிக்கொண்டே போய், உறைந்த இடத்தில் டக்கென்று நின்றுவிடும், அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு இடத்தில் குத்திப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, பாசி மூடிய மேட்டுக்கும் பக்கத்திலேயே இருக்கும் ஈரப் பள்ளத்துக்கும் ஆழம் நிறைய மாறும். அதனால் 1991இல் தொடங்கிய 'காம்' என்ற சர்வதேசத் திட்டத்தில் 100 மீட்டருக்கு 100 மீட்டர், அல்லது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 121 புள்ளிகளில் ஆண்டுதோறும் அதே இடங்களில் அளக்கிறார்கள்.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. கம்பி தரையிலிருந்து ஆழத்தைச் சொல்கிறது, ஆனால் தரையே கீழே இறங்கினால்? சில இடங்களில் உறைமண் அடுக்கு கிட்டத்தட்ட முழுக்கவே பனிக்கட்டிதான். அப்படிப்பட்ட அடுக்கில் 10 சென்டிமீட்டர் உருகி, தண்ணீரும் வழிந்து போய்விட்டால் மேல்தரையும் கிட்டத்தட்ட அதே அளவு அமிழ்ந்துவிடும். போன வருடம் 50 என்று காட்டிய கம்பி இந்த வருடமும் 50 என்றே காட்டும், உறைமண் கரைந்திருக்கும், பதிவேட்டில் மாற்றமே இருக்காது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் கவனிக்க வேண்டிய முதல் விஷயமே இதுதான். இதைப் பிடிக்க, ஆழத்தில் உறைந்த மண்ணில் ஊன்றிய ஒரு குழாயின் தலையிலிருந்து தரை எவ்வளவு இறங்கியது என்று அளக்கிறார்கள், அல்லது துல்லியமான ஜிபிஎஸ் வைத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்தது வெப்பநிலை. ஆழ்துளை போட்டு, வரிசையாக சென்சார் கட்டிய கேபிளை இறக்குவார்கள். பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்துக்குப் போனால் கோடை, குளிர் என்ற ஏற்ற இறக்கம் அடங்கிவிடும், அங்கே தெரிவது பல வருடப் போக்கு மட்டும்தான். இப்படிப்பட்ட துளைகளின் கணக்குப்படி 2007க்கும் 2016க்கும் இடையில் உலக உறைமண் சராசரியாக 0.29 டிகிரி சூடாகியிருக்கிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. டம்ளரில் ஐஸ் போட்ட தண்ணீர், ஐஸ் தீரும் வரை 0 டிகிரியை ஒட்டியே நிற்குமல்லவா, அதேபோல 0 டிகிரிக்குப் பக்கத்தில் வந்த மண் உள்ளே உருகிக்கொண்டிருந்தாலும் சென்சாரில் எண் அசையாது.

ஆக எந்த ஓர் அளவும் தனியாகப் போதாது. அதனால்தான் டி-மொசைக் என்ற சர்வதேச ஆர்க்டிக் ஆய்வுத் திட்டத்தில் ஒரு பொது நெறிமுறை தயாரித்தார்கள்: உருகிய ஆழம், தரை இறக்கம், மண் ஈரம், செடிகளின் உயரம், தரையில் படிந்த பனியின் தடிமன் எல்லாவற்றையும் ஒரே கோட்டில், ஒரே முறையில் அளப்பது. பனியின் தடிமன் எதற்கு என்றால், தடிமனான பனி குளிர்காலத்தில் மண்ணின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும், காற்று சூடாகாத வருடத்தில்கூட அதனால் மண் சூடாகலாம்.

வருத்தமான விஷயம், உறைமண் மிக அதிகமாக இருக்கும் நாடு ரஷ்யா. 2022இல் உக்ரைன் போர் தீவிரமானதிலிருந்து அங்குள்ள ஆய்வாளர்களோடு மேற்கு நாடுகளின் கூட்டுப்பணி பெருமளவு நின்றுபோனது. ரேடார் செயற்கைக்கோள் தரை அமிழ்வதை மேலிருந்து காட்டும், ஆனால் பத்து மீட்டர் ஆழத்து வெப்பநிலையை அதனால் பார்க்க முடியாது, அதற்குத் துளைக்குள் இறக்கிய கேபிளும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.