கிராக் போட்ட லேப்டாப்போடு வருபவர்களுக்கு

மறுபடியும் ஒரு பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தான். திறந்தால், ஃபைல் பெயர்களுக்குப் பின்னால் எல்லாம் புரியாத நாலெழுத்து. கூடவே, பூட்டிய ஃபைல்களைத் திறக்கப் பணம் கேட்டு ஒரு குறிப்பு. கல்லூரி விழாவுக்குப் போட்ட மெட்டு, பீட் அத்தனையும் போச்சு. விலை உயர்ந்த இசை மென்பொருளுக்குக் கிராக் போட, அதாவது காசு கொடுக்காமல் அதன் பூட்டை உடைக்க, ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னார்களாம். இவனும் நிறுத்தினானாம். திருடன் கதவைத் திறந்து வைக்கச் சொன்னால் வைப்பீர்களா?

கிராக் எதற்கு, கட்டற்ற மென்பொருள் இருக்கிறதே என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஓசி சாஃப்ட்வேர்ல சவுண்டு நல்லா இருக்காது சார்."

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. டிராக்குகளைக் கலப்பது வெறும் கூட்டல் கணக்கு. அதே ஃபைல், அதே அளவுகள் என்றால், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளான ஆர்டரில் (Ardour) கூட்டினாலும் விலை உயர்ந்ததில் கூட்டினாலும் விடை ஒன்றுதான். வித்தியாசம் உங்கள் மைக்கில், அறையில், பாடுகிறவர் குரலில், பிறகு உங்கள் காதில் இருக்கிறது. இன்னொன்று: சர்ஜ் என்ற, கணினியில் ஒலி உருவாக்கும் சிந்தசைசர் மென்பொருள் முன்பு காசுக்கு விற்றது. 2018-ல் எழுதியவரே மூலநிரலைத் திறந்துவிட்டார். அன்று ராத்திரியே அதன் சவுண்டு கெட்டுப்போனதா என்ன?

பீட் போடத் தொடங்குபவர்களுக்கு எல்எம்எம்எஸ் (LMMS) என்ற கட்டற்ற மென்பொருள் போதும். டிரம்ஸ் மட்டும் வேண்டுமென்றால் ஹைட்ரஜன். நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர். குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். எல்எம்எம்எஸ்ஸின் நிலையான பதிப்பில் குரலைப் பதிவு செய்ய முடியாது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆர்டரைப் பல லினக்ஸ்களில் சும்மா நிறுவலாம். விண்டோஸுக்குத் தயார்நிலைப் பதிப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் பணம் கேட்பார்கள். கொடுங்கள், எழுதுகிறவரும் சாப்பிட வேண்டுமே.

கமகம் வரவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் பிட்ச் பெண்ட் அளவை, அதாவது சுரத்தை எவ்வளவு வளைக்கலாம் என்பதைப் பாருங்கள். வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம்தான் இருக்கும். கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மென்பொருளை அதன் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தில் அல்ல. புளூடூத் ஹெட்போனில் வாசித்துவிட்டு "தாளம் பின்தங்குது" என்று போன் பண்ணாதீர்கள், வயர் மாட்டுங்கள். ப்ராஜெக்டுக்கு வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுங்கள். எடுத்ததும் அந்த டிஸ்கைக் கழற்றிவிடுங்கள் தம்பிகளா. மாட்டியே வைத்திருந்தால் அந்தப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.