கறிவேப்பிலைக்குக் கார் எடுப்பவர்களுக்காக ஒரு சட்டம்: கலிபோர்னியாவின் எஸ்.பி. 375

எங்கள் வீட்டிலிருந்து மளிகைக் கடை மூன்று மைல். கறிவேப்பிலை தீர்ந்தால்கூட கார் சாவியைத் தேட வேண்டும். கலிபோர்னியாவில் புறநகரில் வீடு வாங்கிய பலரின் பாடும் இதுதான். இந்தத் தூரத்தைக் குறைக்கவே ஒரு சட்டம் இருக்கிறது. பெயர் எஸ்.பி. 375, அதாவது மாநில செனட்டின் மசோதா எண் 375. 2008 செப்டம்பரில் அதில் கையெழுத்திட்டவர் அப்போதைய ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர். ஆமாம், நடிகரேதான்.

எஞ்சினும் எரிபொருளும் எவ்வளவு சுத்தமானாலும், வீடு ஓரிடம், வேலை ஓரிடம் என்று ஊர் விரிந்துகொண்டே போனால் வண்டிப் புகை, அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்கள், குறையாது. அதனால் மாநிலத்தின் காற்றுவள வாரியம் 18 வட்டாரத் திட்டமிடல் அமைப்புகளுக்கும் தனித்தனி இலக்கு வைக்கிறது. கார், சிறு டிரக் ஆகியவற்றின் புகையை 2005-ஐ ஒப்பிட்டு, தலைக்கு இவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கணக்கு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடா, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, சாக்ரமென்டோ ஆகிய நான்கு பெரிய வட்டாரங்களுக்கும் 2018-ல் வைத்த இலக்கு, 2035-க்குள் 19 சதவீதம். வண்டிகளுக்கும் எரிபொருளுக்குமான மாநில விதிகளால் கிடைக்கும் குறைவை இதில் சேர்த்துக் காட்ட முடியாது. வீடு எங்கே, பேருந்து எங்கே என்பதை மாற்றித்தான் குறைக்க வேண்டும்.

ஒவ்வொரு வட்டாரமும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தன் போக்குவரத்துத் திட்டத்தைப் புதுப்பிக்கும்போது, எங்கே வீடுகள் வரும், அங்கே ரயிலும் பேருந்தும் எப்படிப் போகும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சாலைக்கும் ரயிலுக்கும் போகும் பணம் அதையொட்டியே பிரியும்.

சரி, நகராட்சி கேட்காவிட்டால்? இங்கேதான் சட்டத்தின் பலவீனம். எந்த மனையில் என்ன கட்டலாம் என்பதை நகராட்சியே முடிவு செய்கிறது. வட்டாரத் திட்டத்தை அது பின்பற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. அதற்குப் பதில் கட்டுபவருக்கு ஒரு சலுகை உண்டு. கட்டடப் பரப்பில் பாதியாவது குடியிருப்பாக இருக்க வேண்டும். ஏக்கருக்கு 20 வீட்டுக்குக் குறையக் கூடாது. ரயில் நிலையமோ, நெரிசல் நேரத்தில் 15 நிமிடத்துக்குள் ஒரு பேருந்து வரும் தடமோ அரை மைலுக்குள் இருக்க வேண்டும். வட்டாரத் திட்டத்தோடும் பொருந்தினால், கட்டும் முன் நடக்க வேண்டிய சுற்றுச்சூழல் ஆய்வு சுருங்கும். வேறு சில நிபந்தனைகளும் சேர்ந்தால் முழு விலக்கே கிடைக்கும்.

ஏக்கருக்கு 20 என்றால் நம்மூர்க் கணக்கில் 5 சென்ட்டுக்கு ஒரு வீடு, ஒரு கிரவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு. சென்னைக்காரருக்கு அது தாராளம். இங்கேயோ அதற்கே "நெரிசல் வந்துவிடும்" என்று அக்கம்பக்கத்தார் கொடி பிடிக்கிறார்கள்.

பலன்? மாநிலம் இலக்கை எட்டும் பாதையில் இல்லை என்று வாரியமே 2018 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இலக்கு வைக்கத் தெரிந்த சட்டத்துக்கு நகராட்சியின் கையைப் பிடிக்கத் தெரியவில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம், குடியிருப்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு. வட்டாரத் திட்டத்தின் வரைவை, இறுதியாக்குவதற்குக் குறைந்தது 55 நாள் முன்பே வெளியிட வேண்டும். அதற்கான பொதுக்கூட்டங்களில் யாரும் பேசலாம். போகும் முன் உங்கள் தெருமுனைப் பேருந்தின் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் அரை மணிக்கு ஒன்றுதான், ரயில் நிலையமும் பக்கத்தில் இல்லை. அதனால் எங்கள் பேட்டை சலுகைக் கணக்கிலேயே வராது.