பொறுப்பான பெண் என்று பாராட்டும் முன்

‘சின்ன வயதிலிருந்தே வீட்டைத் தாங்குகிறாள்’ என்று பெற்றோர் மகளைப் பெருமையாக அறிமுகப்படுத்தும்போது, மனநல ஆலோசகரான எனக்குக் கொஞ்சம் பயம் வரும். பிள்ளை பெற்றோரின் இடத்துக்கு வந்துவிடும் இந்த நிலையைப் பல பாடநூல்களைவிடத் துல்லியமாகக் காட்டுவது, 1855 முதல் 1857 வரை தொடராக வந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘லிட்டில் டோரிட்’ நாவல்தான்.

ஏமி டோரிட் பிறந்ததே லண்டனின் மார்ஷல்சீ கடனாளிச் சிறையில். தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக உள்ளே இருக்கிறார். கடைக்குட்டியான அவள் வெளியே தையல் வேலைக்குப் போய், அங்கே தரும் சாப்பாட்டைத் தான் உண்ணாமல் தந்தைக்குக் கொண்டுவருகிறாள். மகள் கூலிக்குப் போவது தெரியாததுபோல அவர் நடிக்க, அவளும் அதற்குத் துணைபோகிறாள். டிக்கன்ஸின் தந்தையும் 1824இல் அதே சிறையில் இருந்தவர்; பன்னிரண்டு வயதுச் சிறுவன் டிக்கன்ஸ் அப்போது ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் வேலை பார்த்தான்.

சிறைக் காவலரின் மகன் ஏமியை விரும்புகிறான். அவன் மனம் கோணினால் தன் சௌகரியம் குறையுமோ என்று அஞ்சும் தந்தை, அவனைச் சற்று அனுசரித்துப் போகும்படி மகளிடம் சுற்றிவளைத்துச் சொல்கிறார். பிறகு வெட்கப்பட்டு அழுகிறார். அவரைத் தேற்றும் வேலையும் அவளுக்கே!

திடீரென்று சொத்து வருகிறது. குடும்பம் வெனிஸுக்குப் போகிறது. வேலைக்காரர்கள் சூழ இருக்கும் ஏமிக்குச் செய்ய எதுவுமில்லை. சுற்றியுள்ளதெல்லாம் கனவாகவும் பழைய சிறை அறையே நிஜமாகவும் அவளுக்குத் தோன்றுகிறது. என்னிடம் வரும் பெண்களிடமும் இதைத்தான் பார்க்கிறேன். தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது, அம்மாவின் சிகிச்சை முடிந்தது, கடன் தீர்ந்தது. அதன்பிறகுதான் இவளுக்குத் தூக்கம் கெடுகிறது. ‘இப்போது உனக்கு என்ன குறை?’ என்று வீட்டார் குழம்புகிறார்கள். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

‘இனி உனக்காக வாழ்’ என்ற அறிவுரையால் பெரிய பயன் இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதுதானே அவளுக்குத் தெரியவில்லை? நான் சின்னச் சின்னக் கருத்துகளிலிருந்து தொடங்குவேன். இத்தனை ஆண்டு சிறையில் கழித்தவர் கடனையும் கட்ட வேண்டுமா, இது கொடுமையில்லையா என்று ஏமி ஒருமுறை கேட்கிறாள். அவளை மதிக்கும் குடும்ப நண்பர் ஆர்தர் கிளென்னமுக்கே அது சிறை படியவைத்த கறையாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. யாருக்காகவும் மழுப்பாமல் அவள் சொன்ன சொந்தக் கருத்து அது.

ஆலோசனைக்கு வரத் தொடங்கியபின் பெண் எதிர்த்துப் பேசுகிறாள் என்று சில பெற்றோர் என்னிடம் குறைபட்டுக்கொள்வார்கள். அப்படி என்ன சொன்னாள் என்று விசாரிப்பேன். பெரும்பாலும், சம்பளத்தில் ஒரு பகுதியைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறேன் என்றிருப்பாள்.